கசிமிரோவின் கம்பி மத்தாப்பு

கசிமிரோ அயாவிரியைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ரயில்வேத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலரில் போடப் போகிறார்களாம். "என்னைப் பத்தி எழுதச் சொல்லி யார்கிட்ட போயிருக்கீங்க?" என்று கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சரி, போகட்டும். அவன் பக்கத்தில் என்னளவுக்கு நின்றவன் வேறு எவனும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தண்டவாளத்தின் மேல் அடித்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பார்த்துப் பார்த்து நானாகவே படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் சங்கம் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் அன்செல்மோ தக்கிச்சிரி. ஒரூரோ நகரத்திலிருந்து தெற்கே போகும் பாதையில், கொல்பானி நிலையத்துப் பிரிவின் மேஸ்திரி. வெறுங்காலோடு ஜல்லி கொட்ட வந்து மேஸ்திரி ஆனவன். அந்தப் பிரிவில் எந்த ஸ்லீப்பர் கட்டையைத் தொட்டுக் காட்டினாலும் அதை யார் போட்டது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொல்வேன். என்னைப் பற்ற வைக்க யாரும் வரவில்லை. நானே பற்றிக்கொண்டவன்.

கசிமிரோ அப்படி இல்லை. அவனுக்கு வாய்ப்பு தேடி வந்து கிடைத்தது.

அவனும் என்னோடு அதே ஜல்லியில் நின்றவன்தான். அப்பன் மலையில் லாமா மந்தை மேய்த்தவர். ஒல்லிக் கை, நீளக் கழுத்து. கட்டை தூக்கும்போது அவன் முனை எப்போதும் தாழ்ந்தே இருக்கும், பாரம் என் பக்கம் வரும். அந்தக் காலத்தில் தண்டவாளங்களைப் போல்ட் போட்டு இணைப்பதை விட்டுவிட்டு உருக்கி ஒட்டப் போகிறோம் என்று தலைமையிடத்தில் முடிவு செய்தார்கள். பயிற்சிக்கு எங்கள் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும். வந்த அதிகாரி எல்லாரையும் நிற்க வைத்துப் பார்த்தார். பார்வை என் மேல்தான் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? என் தோள் அப்படி. ஒட்டுவதற்கான பொடி அடைத்த பை ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, படிப்பா" என்றார்.

பையைப் பார்த்தேன். பை என்னைப் பார்த்தது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மாதாகோயில் பூசையில் பதில் சொல்வது போல வந்தது: "ஈரம் படாமல் வைக்கவும்."

கசிமிரோ. அவ்வளவுதான், மூன்று சொல். ஆளை ஒரூரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த வருடம்தான். ஆனால் அதற்குள் அவன் வெல்டர்.

அவன் வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. இரண்டு தண்டவாள முனைகளை நாங்கள் இழுத்து நேராக்கி, இரண்டு விரல் இடைவெளி விட்டு வைப்போம். மண் அச்சை இருபக்கமும் அணைத்துக் கட்டுவான். மேலே ஒரு மூசை, தட்டான் கடை மூசையைப் போலத்தான், ஆனால் வாளி அளவு. அதில் பொடியைக் கொட்டுவான். துருவும் அலுமினியத் தூளும் கலந்த பொடி, பார்த்தால் அடுப்புச் சாம்பல். பிறகு சட்டைக்குள் கையை விட்டு ஒரு மத்தாப்புக் கம்பியை எடுப்பான். திருவிழாவில் பிள்ளைகள் கொளுத்துவார்களே, அதன் தடித்த அண்ணன். பற்ற வைத்துப் பொடியில் செருகுவான். அவ்வளவுதான் அவன் செய்வது. அப்புறம் பொடி தானாகவே சீறும், சூரியனைக் குடத்தில் அடைத்த மாதிரி வெள்ளையாக எரியும். அடியில் உருகிய இரும்பு இறங்கி அச்சை நிரப்பும். இரண்டு தண்டவாளம் ஒன்றாகிவிடும்.

நாங்கள் காலையிலிருந்து கம்பிப்பாரை பிடித்துக் கை கொப்பளித்து நிற்போம். அவன் தலையை வாரிக்கொள்வான். நிஜமாகத்தான் சொல்கிறேன், மத்தாப்பு செருகுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவான். கழுத்துத் துணியைச் சரி செய்வான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்வான். கொல்பானிப் பெண்கள் மேட்டின் மேல் வந்து நின்று பார்ப்பார்கள். என் மனைவி நிகனோராவும் ஒரு தடவை வந்தாள். வெளிச்சம் எழும்பியதும் "அடடா!" என்றாள். நான் வாழ்நாளில் போட்ட கட்டைகளுக்கு ஒரு "அடடா" சொன்னதில்லை அவள்.

அவன் ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துக் கட்டையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை ஒன்று பூசி வைப்பான். ஓட்டுநர்கள் அதைப் பார்த்தால் இரண்டு குட்டை விசில் கொடுப்பார்கள், பீப் பீப். 'கசிமிரோ, நல்லா ஒட்டியிருக்கே' என்று அர்த்தம். என் கட்டைக்கு விசில் கிடையாது.

ஒரு நாள் அவன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்தேன். மூசையில் பொடி தயாராக இருந்தது. தீக்குச்சி கிழித்து அதன் மேல் வைத்தேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. கொத்தாகப் பற்ற வைத்தேன். பொடி அசையவே இல்லை. பின்னால் சிரிப்பு.

"இன்னும் கிழிங்க மேஸ்திரி," என்றான், வாயில் உருளைக்கிழங்கோடு. அப்போது நான் மேஸ்திரியே ஆகவில்லை, கிண்டலுக்குச் சொன்னான். "பெட்டி காலியானா என் பெட்டியும் தர்றேன்."

"என்ன பொடி இது, செத்த பொடி!"

"செத்ததா? உங்களையும் என்னையும் உருக்கி ஒட்டுற அளவுக்குச் சூடு உள்ளேயே இருக்கு. வாசப்படிதான் உசரம். தீக்குச்சியால அந்தப் படியைத் தாண்ட வைக்க முடியாது. என் மத்தாப்பு தாண்ட வைக்கும். ஒரு துளி தாண்டிட்டாப் போதும், அது பக்கத்துத் துளியை இழுத்துக்கும், அது இன்னொண்ணை. அப்புறம் என் தயவே வேண்டாம்."

"அப்போ நீ செய்றது ஒண்ணுமே இல்ல. எல்லாம் பொடியே செய்யுது."

"ஆமா," என்றான் சிரிப்பு மாறாமல். "ஆனா நான் வர்ற வரைக்கும் அது செய்யாதே."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அந்த வெள்ளை நெருப்பு ஒரே ஒரு தடவை என் கையிலிருந்து எழும்ப வேண்டும். கேட்டுப் பார்த்தேன். தரமாட்டான். மத்தாப்புக் கம்பிகளை அவன் மனைவி தைத்துக் கொடுத்த உள்பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பான். குளிரில் நமுத்துப் போகக் கூடாதாம். இரவு தலையணைக்கு அடியில். "பெண்டாட்டியைக் கேட்டாலும் யோசிப்பேன், இதை மட்டும் கேக்காதீங்க" என்பான். அவன் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் நான். எங்கள் ஊரில் அது உடன்பிறப்புக்கு மேல். அதற்குப் பிறகு என்னைக் "கொம்பாத்ரே" என்றுதான் கூப்பிட்டான், பிள்ளைவழிச் சொந்தம் என்று. மகளைத் தூக்கி என் கையில் கொடுத்தவன் மத்தாப்பைக் கொடுக்கவில்லை.

நான் மேஸ்திரியாகிச் சில வருடம் கழிந்த திருவிழாக் காலம். தெளிப்புச் செவ்வாய். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீடு, வண்டி, கருவி எல்லாவற்றையும் காகிதச் சுருளால் அலங்கரித்து, வண்ணக் காகிதத் துணுக்கு தூவி, பீரும் சாராயமும் தெளித்து, பூமித்தாய் பாச்சமாமாவுக்குப் பங்கு கொடுப்போம். எங்கள் கருவிக் கொட்டகைத் தெளிப்பை நான் நடத்தினால் மற்றப் பிரிவுக்காரர்கள்கூட வந்து பார்ப்பார்கள். கஞ்சத்தனம் கிடையாது என்னிடம். டிராலிக்கு ஊற்றினேன், ஜாக்கிக்கு ஊற்றினேன், ஒவ்வொரு சுத்தியலுக்கும் தனியாக ஊற்றினேன்.

கசிமிரோ மாமனார் ஊரில் லாமாக்களுக்குக் காதில் திருவிழாக் குஞ்சம் கட்டப் போயிருந்தான். அச்சும் பொடியும் வைக்கும் அவனுடைய வெல்டிங் பெட்டி மட்டும் மூலையில் காய்ந்து கிடந்தது.

"அதுக்கு இல்லையா?" என்றாள் நிகனோரா. "எல்லாரும் குடிக்க, அது மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணுமா? பாவம்."

கூட்டத்தில் வாயாடி ஃபௌஸ்தோ, "ஊத்துங்க மேஸ்திரி. இல்லன்னா இந்த வருஷம் பூரா பொறாமையில நம்மை முறைச்சுக்கிட்டே கிடக்கும்" என்றான்.

ஊற்றினேன், மற்றதற்கு ஊற்றியதைவிட ஒரு பாட்டில் அதிகமாகவே. அவன் பெட்டிக்கு நான் குறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது இல்லையா? இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் எவனும் அந்தப் பெட்டியைக் காய விட்டிருக்க மாட்டான்.

மறுநாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். காலையில் பாதை பார்க்கப் போனவன் ஓடி வந்தான். வறண்ட ஓடை வளைவில் மழை ஜல்லியை அரித்து, தண்டவாளம் ஒன்று குறுக்கே முறிந்து கிடந்தது. சாயங்காலம் ஒரூரோவிலிருந்து திருவிழா முடிந்து திரும்பும் வண்டி, ஆட்டக்காரர்களும் மேளக்காரர்களும் நிரம்பி வரும். அதற்குள் பாதை திறக்க வேண்டும். கசிமிரோவுக்கு ஆள் அனுப்பினேன். நெற்றியில் திருநீற்றுச் சிலுவையோடு வந்து சேர்ந்தான். நாங்கள் முறிந்த முனைகளை அறுத்து நேராக்கி முடித்திருந்தோம். பெட்டியைத் திறந்தான்.

குனிந்து பொடியை விரலால் கிளறினான். பிறகு ஓர் அச்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். அச்சின் உள்பக்கத்தில் ஊதா நிறக் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"நான்தான்," என்றேன். "தெளிப்பு. உனக்கும் சேத்து."

"இன்னிக்கு வெல்டிங் இல்லை."

"என்னது?"

"மண்ணு குடிச்சிருக்கு. பொடியும் ஒரு மூலையில கட்டி தட்டியிருக்கு. நான் செய்ய மாட்டேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வயசான ஒருவர், "பாச்சமாமாவுக்கு ஊத்தினது உனக்கு அசிங்கமாப் போச்சாடா?" என்றார்.

"பூமிக்கு ஊத்தினதை பூமி குடிச்சிடும், பெரியவரே. இந்த அச்சுக்கு ஊத்தினா இது வச்சுக்கும். உருகின இரும்பு உள்ள இறங்கினதும் அத்தனை ஈரமும் ஒரே நேரத்துல ஆவியாகி வெளிய வரப் பாக்கும். வழி எங்க இருக்கு? நம்ம முகம்தான் வழி."

"பயம்னா பயம்னு சொல்லு," என்றேன். உள்ளே எனக்கு என்ன ஓடியது என்று மறைக்க மாட்டேன். இதுதான் நேரம் என்று ஓடியது. "மத்தாப்பைக் குடு. நான் பத்த வைக்கிறேன்."

"பையில என்ன எழுதியிருந்துச்சு கொம்பாத்ரே? ஞாபகம் இருக்கா?"

எல்லார் முன்னாலும் கேட்டான். அந்த மூன்று சொல்லை என் காது மறந்த நாளே கிடையாது. அவனுக்கும் அது தெரியும்.

"குடுடா மத்தாப்பை!"

நான் கத்தியதில் மேட்டின் மேல் நின்ற லாமாக்கள் கழுத்தைத் திருப்பின. கசிமிரோ பொத்தானைக் கழற்றினான். உள்பையில் கை விட்டு ஒரு கம்பியை எடுத்து என் பக்கம் நீட்டினான். அவன் உடம்புச் சூட்டோடு அது என் கைக்கு வந்தது. இத்தனை வருடம் கேட்டும் தராததை அன்றைக்கு நீட்டினான்.

"எடுத்துக்குங்க. நீங்களே கொளுத்துங்க. ஆனா இங்க இல்ல." மண் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று தூரத்தில் இருந்தது. அதைக் காட்டினான். "அங்க. நான் கட்டித் தர்றபடி."

அந்தப் பள்ளத்தில் ஒரு பழைய தண்டவாளத் துண்டைப் போட்டு, நனைந்த அச்சைக் கட்டி, மேலே மூசையை நிறுத்தி, பொடியைக் கொட்டினான். எல்லாம் ஒழுங்காக, நிஜ வேலைக்குச் செய்வது போலவே. கொடிக்கம்பத்துக்கு வைத்திருந்த நீளக் கழியின் நுனியில் மத்தாப்பைக் கட்டினான். எல்லாரையும் கரைக்குப் பின்னால் படுக்க வைத்தான்.

"சீப்பு வேணுமா?" என்றான்.

"ஒண்ணும் வேணாம்."

அவனே நெருப்பு வைத்துக் கொடுத்தான். கழியின் முனையில் மத்தாப்பு பொறிந்தது. கரைக்குப் பின்னால் குப்புறப் படுத்தபடி கையை நீட்டி நான் செருகினேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. தீக்குச்சிக்குச் செய்தது போல எனக்கும் செய்யப் போகிறதோ என்று கழியை இன்னும் அழுத்தினேன். அப்புறம் படி தாண்டியது.

சங்கத்துக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்: முதல் தொடுதலிலேயே பிடித்தது. கசிமிரோவுக்குக்கூட சில நாள் இரண்டாவது கம்பி தேவைப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளை வெளிச்சம் என் கழியின் முனையிலிருந்து எழுந்து, பள்ளம் முழுக்க நிரம்பி, கரை மேல் இருந்த புல் ஒவ்வொன்றுக்கும் நிழல் கொடுத்தது. "அடடா" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது வெடி. மூசை எந்தப் பக்கம் போனது என்று இன்றுவரை தெரியாது. மண்ணும் நெருப்புத் துளியும் எங்கள் தலைக்கு மேல் பறந்தன. கழி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. என் தொப்பியில் மிளகு அளவு ஓட்டைகள். லாமாக்கள் அடுத்த மலைக்கே போய்விட்டன.

ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினோம். ஃபௌஸ்தோ, முகத்து மண்ணைத் துடைத்தபடி, "மேஸ்திரி, உங்க பீர் பூமி அம்மாவுக்குப் பிடிக்கல போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். திட்டிய பெரியவரும் சிரித்தார். நான் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். தண்டவாளத் துண்டு பழையபடியே கிடந்தது. என் நெருப்பு எதையும் ஒட்டவில்லை.

"நல்லாப் பிடிச்சுது கொம்பாத்ரே," என்றான் கசிமிரோ பின்னால் வந்து. கிண்டலா, நிஜமா? அவன் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது அவனுடைய இன்னொரு கெட்ட குணம்.

"பேச நேரம் இல்ல," என்றேன். "துளைக் கருவியை எடுங்கடா."

இனி நடந்தது என் வேலை. தண்டவாள உருக்கில் கையால் சுற்றித் துளை போடுவது என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மற்றவர்கள் மாறி மாறிச் சுற்றினார்கள், நான் மாறவே இல்லை. அரித்த இடத்தில் ஜல்லி இட்டு நிரப்பினோம். இருபக்கமும் இணைப்புப் பட்டை வைத்து, போல்ட் இறக்கி, என் முழு எடையையும் ஸ்பானரில் தொங்கவிட்டு முடுக்கினேன். கசிமிரோவும் வெல்டர் என்ற எண்ணம் இல்லாமல் ஒரு முனையைப் பிடித்தான். வழக்கம் போல அவன் முனை தாழ்ந்தே இருந்தது.

வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் வண்டி வந்தது. ஓட்டுநர் ரோசெந்தோ. மெதுவாக வரச் சொல்லிப் பச்சைத் துணியை மெல்ல ஆட்டினேன். ஜன்னல் ஜன்னலாக ஆட்டக்காரர்களின் பிசாசு முகமூடிகளும் தூங்குகிற மேளக்காரர்களும் நகர்ந்தன. சக்கரம் என் இணைப்பில் ஏறியது. டக்-டக். அடுத்த சக்கரம், டக்-டக். ஒட்டிய இடத்தில் சத்தமே வராது, வழுக்கிக்கொண்டு போகும். போல்ட் போட்ட இடம் பேசும். கடைசிப் பெட்டியும் கடந்தது. அப்போது முன்னால் எஞ்சினிலிருந்து வந்தது.

பீப் பீப்.

கூட்டம் முழுக்கக் கசிமிரோவைப் பார்த்தது. பழக்கம் அப்படி. ஆனால் அங்கே வெள்ளைப் பட்டை கிடையாது. டக்-டக் கேட்ட எந்த ஓட்டுநரும் அதை வெல்டிங் என்று நினைக்க மாட்டான். அல்லது, ஓரத்தில் நின்ற கசிமிரோவின் நீளக் கழுத்தைப் பார்த்துப் பழக்கத்தில் அடித்தானோ?

"உங்களுக்குத்தான்," என்றான் கசிமிரோ.

"தெரியும்," என்றேன்.

ரோசெந்தோ அதன் பிறகு ஓய்வு பெற்று எங்கள் தெருவிலேயே வீடு கட்டினான். நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சீட்டு விளையாடாத ஞாயிறு கிடையாது. ஒரு நாளும் நான் அந்த விசிலைப் பற்றிக் கேட்டதில்லை. "ஐயோ, அது நம்ம கசிமிரோவுக்கு" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவனோடு எப்படிச் சீட்டு விளையாடுவது?

புதுப் பொடியும் அச்சும் வந்த பிறகு கசிமிரோ பல தடவை கேட்டான், "அந்த ஓடை வளைவு ஒண்ணுதான் பாக்கி, பட்டையைக் கழட்டுங்க, ஒட்டிடறேன்" என்று. ஒரு தடவை, மத்தாப்பை நீங்களே செருகலாம் என்றுகூடச் சொன்னான். எனக்கு அன்றைக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவனை வேறு வேலைக்கு அனுப்பினேன்.

இப்போது அவன் ஒரூரோவில் என் ஞானமகள் வீட்டில் இருக்கிறான். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. இந்த மலரை அவளே படித்துக் காட்டுவாள். படிக்கட்டும். அவன் பெரிய வெல்டர், நான் மறுக்கவில்லை. அவன் ஒட்டிய இடங்களில் வண்டி சத்தமில்லாமல் போகிறது, அங்கே ஓர் ஆள் வேலை செய்தான் என்பதே தெரியாமல்.

தெற்கே போகும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். கொல்பானி தாண்டி, ஓடை வளைவில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் டக்-டக் என்று கேட்கும். அது நான்.